கரைத்துப் பார்த்தவர்களும் பிரித்துப் பார்த்தவர்களும்

மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு கோடி செல்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பத்துக் கோடிதான் தேறும் என்று அதைத் திருத்துகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் அவற்றில் புற்றுச் செல்கள் எல்லாம் ஏதோ ஒரு தாய்ச் செல்லின் வழித்தோன்றல்கள். தாய் ஒன்றென்றாலும் பிள்ளைகள் ஒன்றல்ல. 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெல் ‘சயன்ஸ்’ இதழில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்தார். செல் பிரியும்போது மரபணுவில் பிழைகள் சேர்கின்றன. சில பிழைகள் அந்தச் செல்லுக்கு அனுகூலமாகின்றன. அதன் வாரிசுகள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டுப் பெருகுகின்றன. டார்வின் தீவுகளிலும் காடுகளிலும் கண்டது ஓர் உடலுக்குள்ளேயே சில ஆண்டுகளில் நடந்துவிடுகிறது.

நோவெல் சொன்னதை மறுத்தவர்கள் குறைவு. ஆனால் ஒரே கட்டிக்குள் எத்தனை கிளைகள், அவை எப்போது பிரிந்தன, எந்த வேகத்தில் வளர்ந்தன என்று கேட்டால் முப்பத்தைந்து ஆண்டுகள் வரை யாரிடமும் தெளிவான பதில் இருக்கவில்லை. 2011இலும் 2012இலும் வெளியான இரண்டு ஆய்வுகள் அந்தக் கேள்விக்கு நேர் எதிரான வழிகளில் விடை தேடின. ஒன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் நடந்தது. நிக்கோலஸ் நேவின், ஜேம்ஸ் ஹிக்ஸ், மைக்கேல் விக்லர் குழுவினருடையது. மற்றது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டனில் இருக்கும் சாங்கர் நிறுவனத்தில் நடந்தது. செரீனா நிக்-சைனல், பீட்டர் கேம்பெல் முதலானோருடையது. முன்னவர்கள் கட்டியைச் செல் செல்லாகப் பிரித்தார்கள். பின்னவர்கள் மொத்தமாகக் கரைத்தார்கள்.

பிரிப்பதில் உள்ள சிரமத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ ஆறு பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஆறு பங்கை எடுத்துக்கொண்டால் அவ்வளவு. எந்த இயந்திரமும் இதை நேரடியாகப் படித்துவிட முடியாது. முதலில் நகலெடுத்துப் பெருக்க வேண்டும். பெருக்கும்போது சில இடங்கள் ஆயிரக்கணக்கில் நகலாகும், சில இடங்கள் விட்டே போகும். நேவின் குழுவினர் உறைய வைத்த கட்டியைத் துண்டுகளாக வெட்டி, செல்களின் உட்கருவை மட்டும் பிரித்தெடுத்து, சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டர் வழியாக ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குழியில் இறக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு செல்லிலிருந்து படிக்கக் கிடைத்தது அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 6 விழுக்காடுதான். அதை வைத்து எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் குரோமோசோமின் எந்தப் பகுதி இரண்டு நகலுக்குப் பதில் நான்காகியிருக்கிறது, எது ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்பது தெரியும். ஓரிடத்திலிருந்து எத்தனை துணுக்குகள் வந்தன என்று எண்ணினாலே போதுமே.

அவர்கள் எடுத்துக்கொண்டவை இரண்டே நோயாளிகளின் கட்டிகள். இரண்டுமே ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதத்தின் மிகையும் இல்லாத, மருத்துவமனைகளில் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்று சொல்லும் வகை. டி10 என்று பெயரிட்ட முதல் கட்டியின் ஆறு பகுதிகளிலிருந்து 100 செல்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய பாதி, நகல் எண்ணிக்கையில் இயல்பாகவோ இயல்பை ஒட்டியோ இருந்தன. மீதி செல்கள் மூன்று கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. கட்டியின் ஒரு பாதியில் ஒரு கூட்டம், மறுபாதியில் மற்றவை. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இடைப்பட்ட செல்கள் அநேகமாக இல்லை. டி16 என்ற இரண்டாவது கட்டியிலிருந்து 52 செல்களும், அதே நோயாளியின் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலிருந்து 48 செல்களும் படிக்கப்பட்டன. இங்கே கூட்டம் ஒன்றுதான். மார்பில் பெருகிய அதே கால்வழிதான் கல்லீரலிலும் குடியேறியிருந்தது. இரு கட்டிகளிலும் இன்னொரு விசித்திரமும் இருந்தது: நகல் எண்ணிக்கையில் இயல்பை ஒட்டி நின்றாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிதைந்திருந்த செல்கள் கணிசமாகக் கிடைத்தன. கல்லீரலுக்குப் போன கூட்டத்தில் அவை இல்லை.

இதிலிருந்து நேவின் குழு வந்த முடிவு தடாலடியானது. கட்டி படிப்படியாக மாறவில்லை. திடீர் திடீரென்று தாவியிருக்கிறது. தாவலுக்கும் தாவலுக்கும் நடுவே பெருக்கம் மட்டுமே. புதைபடிவ அறிஞர்களான நைல்ஸ் எல்ட்ரெட்ஜும் ஸ்டீஃபன் ஜே கூல்டும் 1972இல் உயிரினங்களைப் பற்றி எழுப்பிய வாதத்தின் சாயல் இதில் தெரிகிறது. பாறை அடுக்குகளில் இடைநிலை உயிர்கள் காணாமல் போவதைப் பதிவேட்டின் குறை என்றார் டார்வின். இல்லை, அந்த இடைவெளியே சான்று என்றார்கள் அவர்கள்.

ஹிங்ஸ்டன்காரர்களின் வழி வேறு. 21 மார்பகப் புற்றுநோய்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். அவற்றில் பிடி4120ஏ என்ற ஒரு கட்டியை மட்டும் அளவுமீறிய ஆழத்தில் படித்தார்கள்: ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 188 முறை. கட்டித் துண்டிலிருந்து எல்லாச் செல்களின் டி.என்.ஏ.வும் ஒன்றாகக் கலந்துதான் வரும், எந்தத் துணுக்கு எந்தச் செல்லுடையது என்று அதில் எழுதியிருக்காது. ஆனாலும் 188 வாசிப்பில் ஒரு பிழை எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று பார்த்தால், கட்டியின் எவ்வளவு பங்குச் செல்கள் அதைச் சுமக்கின்றன என்று மதிப்பிடலாம். அந்த ஒரு கட்டியில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட ஒற்றை எழுத்துப் பிழைகள் கிடைத்தன. அவற்றை விகிதப்படி அடுக்கியபோது அவை தாமாகவே சில குவியல்களாகச் சேர்ந்தன. எல்லாப் புற்றுச் செல்களிலும் இருப்பவை ஒரு குவியல். பெரும்பான்மையில் இருப்பவை இன்னொன்று. சிறுபான்மைக்கு உரியவை வேறு.

அந்தக் குவியல்களை எப்படிக் குடும்ப மரமாக்கினார்கள் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நூறு வீடுள்ள தெருவில் எழுபது வீட்டார் பால் வாங்குகிறார்கள், அறுபது வீட்டார் நாளிதழ் வாங்குகிறார்கள் என்று கடைக்காரரிடமிருந்து தெரிந்தால் போதும். ஒரு கதவையும் தட்டாமலே, குறைந்தது முப்பது வீடுகளில் இரண்டும் உண்டு என்று சொல்லிவிடலாம். கட்டியிலும் அப்படித்தான். 70 விழுக்காடு செல்களில் ஒரு பிழையும் 60 விழுக்காட்டில் இன்னொரு பிழையும் இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் செல்கள் இருந்தே ஆக வேண்டும். ஒரு செல்லுக்கு இரண்டு தனித்தனித் தாய்கள் இருக்க முடியாது. ஆகவே இரண்டு பிழைகளும் ஒரே கால்வழியில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தவை. விகிதங்களின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் இந்தத் தர்க்கம் பிசகாது. தாண்டாவிட்டால் கை விரிக்க வேண்டியதுதான்: 30 விழுக்காடும் 20 விழுக்காடும் தாயும் மகளுமாகவும் இருக்கலாம், பங்காளிகளாகவும் இருக்கலாம்.

கிடைத்த படம் இது. பிழைகளில் பெரும்பாலானவை கட்டியின் ஒரு பகுதிச் செல்களில் மட்டுமே இருந்தன. 21 கட்டிகளிலும் ஏதாவது ஒரு கிளை பாதிக்கு மேல் செல்களைத் தன் வசம் வைத்திருந்தது. அந்த ஆதிக்கக் கிளையின் வேரைத் தேடிப்போனால், பல நூறு முதல் சில ஆயிரம் பிழைகள் சேரும்வரை அதிலிருந்து குறிப்பிடத்தக்க பக்கக் கிளை எதுவும் பிரியவில்லை. ஒரு கால்வழி நெடுங்காலம் பெருகாமல் கிடந்து, பிழைகளை மட்டும் சேர்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஏதோ ஒன்று வாய்த்ததும் பெருகியிருக்கிறது. கட்டி கைக்குத் தட்டுப்படுவதே அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் என்று அவர்கள் ஊகித்தார்கள்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இரு குழுவும் கண்டது ஒரே வடிவம்: நீண்ட, கிளையற்ற அடிமரம், உச்சியில் திடீரென்று விரியும் கிளைகள். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை ஒருவர் வேகம் என்று படித்தார், மற்றவர் காத்திருப்பு என்று படித்தார். கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் அதற்குப் பெயர் தாவல். ஹிங்ஸ்டனில் அதுவே நெடுந்தூக்கம்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் கட்டிகள் வேறு என்பதைவிட அளவுகோல்கள் வேறு என்பதே என்று நினைக்கிறேன். நகல் எண்ணிக்கை மாற்றம் மொத்தமாக வரக்கூடியது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்பட்டால், ஒரே பிரிவில் முழுக் குரோமோசோம்களே கூடலாம் குறையலாம். ஆகையால் இரு செல்களுக்கிடையே இருபது நகல் வேறுபாடு இருந்தாலும் அது இருபது தலைமுறையின் வேலையா, ஒரு பிற்பகலின் வேலையா என்று சொல்வதற்கில்லை. ஒற்றை எழுத்துப் பிழை அப்படியல்ல. பெரும்பாலும் அது ஓரளவு சீரான வேகத்தில் சேர்வது. எண்ணினால் காலத்தை மதிப்பிடலாம். (அதற்கும் விலக்கு உண்டு. ஒரு சிறு இடத்தில் பிழைகள் அடைமழைபோல் கொட்டிக் கிடப்பதை இதே 21 கட்டிகளில்தான் ஹிங்ஸ்டன்காரர்கள் கண்டார்கள். கிரேக்க மொழியில் இடிமழையைக் குறிக்கும் ‘கட்டாயகிஸ்’ என்ற பெயரையும் சூட்டினார்கள்.) ஆக, தாவக்கூடிய ஒன்றை அளந்தவருக்குத் தாவல் தெரிந்தது. சொட்டுச் சொட்டாகச் சேரும் ஒன்றை எண்ணியவருக்குக் காலம் தெரிந்தது.

இது வெறும் சமாதானப் பேச்சு இல்லை என்பதற்கு 2014இல் சான்று வந்தது, அதுவும் நேவினிடமிருந்தே. அப்போது அவர் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கு மாறியிருந்தார். யோங் வாங் முதல் ஆசிரியராக ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில் ஓர் எளிய தந்திரம் இருந்தது. பிரியத் தயாராகும் செல் தன் டி.என்.ஏ.வை இரட்டித்து வைத்திருக்கும். வழக்கமான இரண்டு நகலுக்குப் பதில் நான்கு. அந்தத் தருணத்துச் செல்லைப் பிடித்துப் படித்தால் விடுபடல் குறையும். 6 விழுக்காடாக இருந்த வாசிப்புப் பரப்பு சராசரியாக 91 விழுக்காடானது. நகல் எண்ணிக்கை, எழுத்துப் பிழை இரண்டையும் இப்போது தனித்தனிச் செல்லிலேயே பார்க்க முடிந்தது.

அவர்கள் எடுத்தவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள ஒரு கட்டி, டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் ஒன்று. இரண்டிலும் குரோமோசோம் அளவிலான பெரிய குளறுபடிகள் ஆரம்பத்திலேயே நடந்து முடிந்து, பிறகு கட்டி பெருத்த காலம் முழுக்கப் பெரிதாக மாறாமல் நின்றன. எழுத்துப் பிழைகளோ மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போய்ப் பெரும் பன்மையை உண்டாக்கின. அவற்றில் பல, கட்டியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செல்களில் மட்டுமே இருந்தன. ஒரே கட்டிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடியிருக்கின்றன. 2011இல் ஒரு கடிகாரத்தையும் 2012இல் மற்றதையும் பார்த்து நேரம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் அங்கே தெரியவந்தது: கணித மாதிரியில் போட்டுப் பார்த்தபோது டிரிப்பிள் நெகட்டிவ் கட்டியின் பிழை வேகம் இயல்பைவிட 13.3 மடங்கு, ஏற்பி உள்ள கட்டியில் அப்படியொரு கூடுதல் இல்லை. ஒரே ஒரு கட்டியிலிருந்து வந்த எண் என்பதால் 13.3ஐ ஒரு வகை முழுமைக்குமான விதியாக எடுத்துக்கொள்வது அவசரம்.

எண்ணிக்கை சிறியதாக இருப்பது பிரித்துப் பார்க்கும் வழியின் நிரந்தரப் பலவீனம். கட்டியில் ஒரு விழுக்காடே இருக்கும் கிளையை நூறு செல்களை எடுத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டால், அது ஒருமுறைகூடக் கையில் சிக்காமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. கரைத்துப் பார்ப்பவருக்கும் அதே கிளை எட்டாது. ஒரு விழுக்காடு செல்களில், அதுவும் இரண்டு நகலில் ஒன்றில் மட்டும் உள்ள பிழை, 188 வாசிப்பில் சராசரியாக ஒரு முறைகூட வராது. ஒரு முறை வந்தாலும் அது கட்டியின் பிழையா இயந்திரத்தின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. மருந்தைத் தாக்குப்பிடித்து நாளைக்குத் திரும்பி வரக்கூடியது இப்படிப்பட்ட சிறுபான்மைதான் என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய குறை அல்ல.

பின்னால் வந்த ஆய்வுகளில் நேவின் குழு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது. 2016இல் 12 டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளிலிருந்து ஆயிரம் செல்கள்; தாவல் கருத்து இன்னும் உறுதியானது. ஒரு கட்டிக்கு ஒன்று முதல் மூன்று பெரிய கூட்டங்கள், தொடக்கத்திலேயே முடிந்துபோன குளறுபடி, பிறகு அசையாத பெருக்கம் என்றார்கள். 2021இல் எட்டுக் கட்டிகளும் ஆய்வகத்தில் வளர்க்கும் நான்கு செல் வரிசைகளும் சேர்த்து 16,178 செல்களைப் படித்தபோது அந்த அசையாமை கலைந்தது. தொடக்கத்தில் ஒரு கொந்தளிப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகும் நகல் மாற்றங்கள் ஓயவில்லை. பெரிய கூட்டம் என்று ஒன்றாகத் தெரிந்ததன் உள்ளே பல சிறு கிளைகள் இருந்தன. கருவியின் பார்வை கூர்மையாக ஆக, தாவலுக்கு நடுவே படிகளும் முளைத்தன. பாறையில் இடைநிலைகள் இல்லாதது பதிவேட்டின் குறையே என்ற டார்வினின் பழைய சாக்கு இங்கே பாதி பலித்துவிட்டது. தன் குழுவின் பழைய முடிவைத் தன் குழுவின் புதிய தரவாலேயே தளர்த்திக்கொண்ட நேவினின் போக்கு இந்த விவாதத்தில் நான் மதிக்கும் விஷயம்.

ஹிங்ஸ்டன் தரப்பு தன் வழியில் அகலத்தைக் கூட்டியது. 2015இல் லூசி யேட்ஸ் தலைமையில் 50 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 303 துண்டுகளைப் படித்தார்கள். செல் செல்லாகப் பிரிக்காவிட்டாலும் இடம் இடமாகப் பிரித்தது, கரைப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவிலான ஒரு வழி. டிபி53, பிஐகே3சிஏ, பிடென் போன்ற பெயர்பெற்ற மரபணுக்களின் பிழைகள் சில கட்டிகளில் முதலில் வந்திருந்தன, சிலவற்றில் கடைசியில். நிலையான வரிசை என்று ஒன்று இல்லை. 50இல் 13 கட்டிகளில், மருந்துக்கு இலக்காகக்கூடிய பிழையே கட்டியின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தது. பயாப்சி ஊசி எந்தப் பக்கம் நுழைந்தது என்பதைப் பொறுத்து அது அறிக்கையில் வரலாம், வராமலும் போகலாம். நோயாளிக்கு இந்த ஒரு தகவல் மேலே சொன்ன தாவல், தூக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம்.

மருந்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில் இரு வழிகளும் கைகோத்துக்கொண்டன. அறுவைக்கு முன் கீமோ எடுத்த 20 டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளை நேவின் குழு 2018இல் ஆராய்ந்தது. முதலில் மொத்தமாகக் கரைத்து ஆழமாகப் படித்தார்கள்: பத்துப் பேரில் கட்டியின் கால்வழிகள் அடியோடு அழிந்திருந்தன, பத்துப் பேரில் பிழைத்திருந்தன. பிறகு எட்டுப் பேரின் செல்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்த நகல் அமைப்பு சிகிச்சைக்கு முன்பே கட்டியில் இருந்திருக்கிறது. மருந்து அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்கிற செயல்பாட்டு நிலையோ சிகிச்சையின்போது புதிதாக மாறியிருந்தது. எதிர்ப்புத்தன்மை முன்பே இருந்ததா, மருந்தால் உண்டானதா என்ற பழைய தகராறிலும் விடை எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைந்துவிட்டது.

இவ்வளவுக்கும் மருத்துவமனைக் கோப்புகளில் இந்த இரு வழிகளும் வெகுநாளாகவே பக்கத்துப் பக்கத்துத் தாள்களாக இருந்துவருகின்றன. ஹெர்2 சந்தேகமாக வரும்போது செய்யும் ‘ஃபிஷ்’ சோதனையில் நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் குறைந்தது 20 செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒளிரும் புள்ளிகளை எண்ணுகிறார். அது பிரித்துப் பார்ப்பது. கீமோ தேவையா என்று முடிவெடுக்க உதவும் ‘ஆங்கோடைப் டிஎக்ஸ்’ சோதனையில் கட்டியின் சீவலை மொத்தமாகக் கரைத்து 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து ஒரே மதிப்பெண்ணாக்குகிறார்கள். அது கரைத்துப் பார்ப்பது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு எத்தனை விழுக்காடு செல்கள் சாயம் ஏற்றன என்று அறிக்கை சொல்கிறது. ஒரு விழுக்காடு ஏற்றிருந்தாலே ‘பாசிட்டிவ்’ வரையறைக்குள் வந்துவிடும். மீதி 99 விழுக்காடு செல்கள் எந்தக் கிளையைச் சேர்ந்தவை, அந்த ஒரு விழுக்காட்டுக்கு அவை தாயா, மகளா, பங்காளியா என்று குறிப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.